கரியில் எழுதிய தைரியம்

"ஜெபிக்கிறேன், திடமாயிருங்கள்" என்று துன்பத்தில் இருப்பவரிடம் சொல்வது, வெளியில் சௌக்கியமாக இருப்பவர்களுக்குச் சுலபம்தானே? – வாசகர், தொண்டி

உங்கள் ஊருக்குப் பக்கத்து ஓரியூரில் நடந்தது தலைகீழ் அல்லவா! 1693 பிப்ரவரி 3 அன்று, சாவை எதிர்நோக்கிச் சிறையில் கிடந்த போர்ச்சுகல் நாட்டுக் குரு அருளானந்தர்தான் (ஜான் டி பிரிட்டோ) வெளியே இருந்த சக குருக்களுக்குத் திடம் சொல்லிக் கடிதம் எழுதினார். மை ஏது? கரியைக் குழைத்துத்தான் எழுதினார். மறுநாள் அவர் தலை வெட்டப்பட்டது.

இத்தனைக்கும் 1686-லேயே ஓரியூர் இருக்கும் இதே மறவர் சீமையில் சித்திரவதை பட்டவர். போர்ச்சுகல் போனபோது, சிறுவயதுத் தோழரான அரசர் இரண்டாம் பேதுரு அங்கேயே இருக்கச் சொன்னார். கேட்கவில்லை, இங்கே திரும்பக் கப்பலேறிவிட்டார்.

ஆக, துன்பத்தில் இருப்பவரும் நமக்குத் திடம் தரலாம். அவரைப் பார்க்கப் போகும்போது நம் ஜெபத்தோடு போவோம். அவர் நமக்காக ஜெபிக்கவும் இடம் விடுவோம்.