தாயம் விழாமை: ஒரு முதற்கட்ட ஆய்வு

வாய்ப்பு, அதிர்ஷ்டம், விதி ஆகிய மூன்றையும் பிரித்தறிய முயன்ற பெரியோர் இதுவரை மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் உட்கார்ந்தே யோசித்திருக்கிறார்கள். கூடத்துத் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு உட்கார்ந்திருந்தால் ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்திருக்கும். அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. ஆய்வுக் கருவி, பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி. ஆய்வுக்கு உட்பட்டோர், அத்தை, சித்தி, பெரியப்பா, கோடை விடுமுறைக்கு வந்திறங்கிய பிள்ளைகள்.

முன்னோரைக் குறிப்பிடுவது மரபு. வள்ளுவர் ஊழை 38ஆம் அதிகாரத்திலும் சூதை 94ஆம் அதிகாரத்திலும் வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்து விட்டால் வீட்டில் சண்டை வரும் என்று அறிந்தே இப்படித் தள்ளிவைத்தார் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. இத்தாலியக் கார்டானோ மருத்துவர், கணிதர், சூதாடி, ஜோதிடர். பகடையில் எந்த எண் எத்தனை வழியில் விழும் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர். அந்த நூல் அச்சேறியது 1663இல், அவர் கண்மூடிப் பல காலம் கழித்து. அதே மனிதர் 1552இல் இங்கிலாந்துக்குப் போய், ஆறாம் எட்வர்டு மன்னருக்கு ஜாதகம் கணித்துத் தீர்க்காயுசு என்று சொன்னார். மன்னர் மறுவருஷமே 15 வயதில் போய்ச் சேர்ந்தார். பகடையோடு நிறுத்தியிருக்கலாம்.

இனிக் கருவிக்கு வருவோம். ஒரு கட்டைக்கு நான்கு முகம். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள்; நான்காவது வெறுமை. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் தாயம் என்கிற ஒன்று விழ 2 வழி, ஆறுக்கு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு 1. மூன்றுக்கோ 4 வழி. ஆக, அதிகம் விழுவது மூன்றுதான். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது மூன்றைக் கூப்பிட்டு யாரும் கத்துவதில்லை. தாயம் விழாமல் காயை இறக்க முடியாதல்லவா! எட்டுக்கு ஒரு தரம் வருகிற விருந்தாளிக்காக வீடே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, தினம் வருகிற மூன்றுக்கு ஒரு வாய்த் தண்ணீர் தருவாரில்லை.

கட்டை நேர்மையானது என்று கொண்டால், ஐந்து முறை உருட்டியும் தாயத்தைக் காணாதவர் பாதிக்குச் சற்று மேல். இருபது முறை உருட்டியும் காணாதவர் நூற்றுக்கு ஏழு பேர். இந்த ஏழு பேரே நம் ஆய்வின் உயிர்நாடி. சுற்றியிருப்போரின் காய்கள் பழமாகிக்கொண்டிருக்க, இவர்கள் இடம் மாறி உட்காருவார்கள், கட்டையை ஊதுவார்கள், பக்கத்தில் இருப்பவரின் கண்மேல் பழி போடுவார்கள். “இவ்வளவு நேரம் விழல, இனிமே விழுந்துதானே ஆகணும்” என்று பெரியப்பா வாதாடுவார். கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. எதிரே இருக்கும் சித்திக்கு உண்டு. போன பொங்கலுக்கும் பெரியப்பாவுக்குத் தாயம் விழவில்லை என்பதை அவர் அப்போதுதான் எடுத்துச் சொல்வார்.

கூர்ந்து கேட்டதில் ஓர் உண்மை வெளிப்பட்டது. கட்டை உள்ளங்கையில் உரசிக்கொண்டிருக்கும்வரை எல்லோரும் வாய்ப்பைப் பற்றியே பேசுகிறார்கள். தரையில் உருளும் அந்தச் சில நொடிகள் அதிர்ஷ்டத்துக்கு உரியவை; அப்போது சாமி பெயர்கள் கேட்கின்றன. நின்ற பிறகு, விதி. அதுவும் தனக்கு விழாதபோது மட்டும். விழுந்தால் கைராசி, தொடர்ந்து விழுந்தால் திறமை, எதிராளிக்கு விழுந்தால் கள்ளாட்டம். அதே இரண்டு பித்தளைத் துண்டுகள் இத்தனையும் ஆகின்றன.

பித்தளை இல்லாத வீடுகளில் ஒருபுறம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டை. தத்துவ நோக்கில் இதுவே உயர்ந்த கருவி. எத்தனை தேய்த்தோம், எந்தக் கோணத்தில் தேய்த்தோம் என்பதைப் பொறுத்து வெள்ளை விழும் அளவு மாறும். விதியை எழுதுவது யார் என்று சமயவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்டார்கள். இங்கே ஐயத்துக்கே இடமில்லை: முந்தின நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கொட்டையைத் தேய்த்தவர்.

பல ஊர்களில் இன்னொரு விதியும் உண்டு. பிறர் காய் ஒன்றையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது. ஒருவரையும் வெட்ட மனம் வராத சாது ஒருவர், தாயம் தாராளமாக விழுந்தும், வெளிச்சுற்றிலேயே சுற்றிக்கொண்டிருந்ததை இவ்வாய்வாளர் கண்டார். இது மூன்றில் எதிலும் அடங்காது. குணம் என்று தனி அட்டவணை போட வேண்டியிருக்கும். அதற்கு நிதி இல்லை.

கடைசியாக ஒரு சிக்கல். பாயின் ஓரத்தில் முட்டி, எந்த முகமும் மேலே வராமல் சாய்ந்து நிற்கும் கட்டை. விழுந்ததா, விழவில்லையா? மறுபடி உருட்ட வேண்டும் என்றார் பெரியப்பா. சரிந்திருக்கும் பக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்றார் சித்தி. கருத்துகளைத் தொகுத்து முடிப்பதற்குள், உருட்டியவரும் வீட்டில் மூத்தவருமான அத்தை “தாயம்” என்று அறிவித்துக் காயை இறக்கிவிட்டார்.