வாழைப்பழத்துக்கு எந்த ஆசி?

கேள்வி: யூதர்கள் ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனியாக ஆசி சொல்லித்தான் வாயில் வைப்பார்களாமே! வாழைப்பழத்துக்கு மரத்தின் ஆசிதானே?

பதில்: வாழை மரமா? குலை தள்ளியதும் வெட்டிச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றை வளரவிடும் விவசாயியைக் கேளுங்கள்! யூதச் சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. அடிமரம் ஆண்டுதோறும் நிலைத்து நின்று காய்த்தால்தான் மரம். ஆகவே ஆப்பிளுக்கு ‘மரத்தின் கனியைப் படைத்தவர்’ என்று இறைவனைப் புகழ்பவர்கள், வாழைப்பழத்துக்கு ‘மண்ணின் கனியைப் படைத்தவர்’ என்கிறார்கள். 1565-இல் வெனிஸில் அச்சான ‘சுல்ஹான் அரூக்’ சட்டநூலிலேயே இந்தத் தீர்ப்பு இருக்கிறது. திராட்சைக்கு மரத்தின் ஆசி; அதைப் பிழிந்து ஒயின் ஆக்கினால் அதற்கென்றே தனி ஆசி. காளான் தரையில் முளைத்தாலும் மண்ணிலிருந்து ஊட்டம் எடுப்பதில்லை என்று யூதச் சட்டம் கருதுவதால், தண்ணீருக்கும் மீனுக்கும் உரிய பொது ஆசிதான் அதற்கும். தட்டில் இருப்பது எப்படி வளர்ந்தது என்று தெரியாமல் இவர்களால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாது. இந்த வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: பசியோடு உட்கார்ந்தவனை நிறுத்தி ஆசி சொல்லச் சொல்வது நியாயமா?

பதில்: பசித்தவன் கடவுளை நினைப்பது பெரிய காரியமா? வயிறு நிறைந்தவனுக்குத்தான் மறதி வரும். யூத வேதமான தோரா நேரடியாகக் கேட்பதும் உண்டு முடித்தபின் சொல்லும் நன்றியைத்தான் (உபாகமம் 8:10). சாப்பாட்டுக்கு முந்தைய ஆசிகளை ரபிகள் எனும் யூத மத அறிஞர்கள் பின்னர் வகுத்தார்கள். ரொட்டி சாப்பிட்டவர் எழுந்து போகுமுன் 4 ஆசிகள் கொண்ட நீண்ட நன்றியைச் சொல்ல வேண்டும். தின்றது ஓர் ஆலிவ் காயளவு ரொட்டிதான் என்றாலும் விலக்கு இல்லை.