இடுக்கியியல்: சிங்கப்பூரில் ஒரு நாள் இனிப்புலா குறித்த முன்னாய்வு

ரொட்டிக்கடைக்குள் நுழைந்து தட்டையும் இடுக்கியையும் கையிலெடுத்த ஒருவர், எந்தப் பன்னையும் தொடுவதற்கு முன்னரே இடுக்கியின் இரு கரங்களையும் காற்றில் ‘டக் டக்’ என்று இருமுறை மோதவிடுவது, சிங்கப்பூர், ஹாங்காங், தோக்கியோ போன்ற நகரங்களில் அன்றாடம் காணக் கிடைப்பதாயினும், உணவியலாரும் சமூகவியலாரும் ஒருசேரக் கைவிட்ட பொருளாகவே இருந்துவருகிறது. இக்குறையை ஓரளவேனும் போக்கும் பொருட்டு, ஒரே பகலுக்குள் பல பலகாரக் கடைகளை ஏறியிறங்கும் வழக்கத்தை, அதாவது இங்கு ‘இனிப்புலா’ என்று குறிக்கப்படுவதை, களமாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது. இனிப்புலா செல்வோரின் பசி வயிற்றில் இல்லை, இடுக்கியில்தான் உள்ளது என்பதே இதன் துணிபு.

இத்துணிபுக்கான முதற்சான்று இடுக்கியே இல்லாத கடைகளிலிருந்து கிடைக்கிறது. 1944-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடும் யா குன் போன்ற காப்பிக் கடைகளில், தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் எனப்படும் ரம்பை இலை ஆகியவற்றைக் கிளறிச் செய்த காயா என்னும் இனிப்புக் களியைத் தடவி, நடுவே வெண்ணெய்த் துண்டு வைத்த வாட்டிய ரொட்டியைக் கடைக்காரரே கொண்டுவந்து வைக்கிறார். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலிலிருந்து சில எட்டுத் தொலைவில் உள்ள டோங் ஹெங் கடையில், ஏனைய இடங்களில் வட்டமாக இருக்கும் முட்டை டார்ட் சாய்சதுர வடிவில் கிடைக்கிறது. அங்கும் எத்தனை வேண்டும் என்பதை வாங்குபவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஆறு என்று மனத்தில் நினைத்தவர், பின்னால் வரிசை நிற்பதையும் கடைக்காரர் தம் முகத்தைப் பார்ப்பதையும் உணர்ந்து நான்கு என்று சொல்லிவிடுகிறார். எண்ணை ஒலிக்கச் செய்யும் கடை, நாணத்தின் வழியே உண்பவரைக் காப்பாற்றுகிறது.

இடுக்கிக் கடை இந்தக் காவலை நீக்கிவிடுகிறது. 2000-இல் பூகிஸ் ஜங்ஷனில் தன் முதற்கடையைத் திறந்த பிரெட்டாக், சமையலறையைக் கண்ணாடிச் சுவருக்குள் வைத்து, பன்களைக் கைக்கெட்டும் தட்டுகளில் பரப்பி, எடுப்பதை எடுப்பவர் பொறுப்பிலேயே விட்டது. அக்கடையின் புகழுக்குக் காரணமான ஃபிளாஸ் பன், இனிப்புக் களிம்பு பூசிய மென்ரொட்டியின் மேல், வேகவைத்துப் பஞ்சாகப் பிரித்து உலர வறுத்த இறைச்சியைப் போர்த்தியதாகும். இது பலகாரமா சாப்பாடா என்று தீர்மானிக்க முடியாமையால், உலா செல்வோர் இதனை எக்கணக்கிலும் சேர்ப்பதில்லை. அங்கே எண்ணை எவரும் கேட்பதில்லை. தட்டில் வெற்றிடம் இருக்கும்வரை இடுக்கி நீள்கிறது. காசாளர் ஒவ்வொரு பன்னையும் தனித்தனி நெகிழிப் பையில் இடும்போதுதான் தொகை தெரியவருகிறது. அதற்குள் பின்வாங்கும் பருவம் கடந்துவிடுகிறது.

இனி, இருமுறை தட்டலுக்கு வருவோம். இதனை விளக்க இரு கொள்கைகள் எழக்கூடும். தட்டல் ஓர் எச்சரிக்கை, கடைசி முட்டை டார்ட்டை நோக்கி நகரும் அயலாரை விலக்கும் ஒலி என்பது முதலாவது. ஆளில்லாத கடையிலும் மனிதர் தட்டுவதால் இது நிற்காது. தட்டல் ஓர் அளவுத்திருத்தம் என்பது இரண்டாவது. ஆசிய ரொட்டியின் மென்மைக்குப் பெரிதும் துணைநிற்பது டாங்ஜோங் முறையாகும்: மாவில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ்வரை காய்ச்சினால், மாச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகிறது; அக்கூழைப் பிசைந்த மாவில் கலக்க, நீர் எளிதில் வெளியேறாமல் தங்கி, ரொட்டி மறுநாளும் பஞ்சாகவே இருக்கிறது. இத்தகைய பன்னைச் சற்று அழுத்திப் பிடித்தால் இடுக்கியின் பல்தடம் அதன் மேல் பதிந்துவிடும். தடம் பதிந்ததைத் திரும்ப வைப்பது நாகரிகமன்று. எனவே இடுக்கியின் வில்விறைப்பை முன்கூட்டிச் சோதிப்பது அறிவார்ந்த செயலே. ஒருமுறை சோதித்த இடுக்கியை அதே கையே நான்காம் பன்னுக்கு முன்னும் தட்டுவது ஏன் என்று கேட்டால், பழக்கதோஷம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

குவே எனப்படும் அரிசிமாப் பலகாரங்கள் இக்கோட்பாட்டுக்குள் எளிதில் அடங்குவதில்லை. அவற்றுள் ஒன்றான ஒண்டே ஒண்டே உருண்டையைக் கடித்த கணத்தில் உள்ளிருக்கும் வெல்லப்பாகு சட்டையை நோக்கிப் பாய்வதால், அதன் ஆய்வு சலவையியலைச் சேரும்.

எஞ்சியிருப்பது போக்குவரத்துச் சிக்கல். எம்ஆர்டி ரயிலில் உண்பதும் குடிப்பதும் குற்றம். 500 சிங்கப்பூர் வெள்ளிவரை அபராதம் உண்டு. ஆதலால் ஒரு கடையின் சூடான டார்ட், அடுத்த கடைக்குச் செல்லும் பயணம் முழுவதும் மடியிலேயே ஆறுகிறது. உடையவர் அதைப் பெட்டிமேல் கைவைத்துத் தொடுவுணர்வால் மட்டுமே அறிகிறார். கடும் வாசனை வீசும் டுரியான் பழத்துக்கு ரயிலில் இடமில்லை என்பதும் படம் போட்டு அறிவிக்கப்பட்டுள்ளது. டுரியான் விழுது நிரப்பிய பஃப், பழமா பலகாரமா என்பதில் உலா செல்வோரிடையே கருத்தொற்றுமை இல்லை. பலகாரமே என்னும் கட்சியினர் அதனை இரு பைகளுக்குள் கட்டி, யாருடையதோ என்பதுபோலக் காலருகே வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் எந்நிலையத்தில் இடம் மாறி அமர்கிறார் என்பதைக் கைப்பேசியின் விளிம்புக்கு மேலாகக் கவனித்துவருகின்றனர்.