ஒரு செங்கல், நாலு எருக்க இலை

இன்று காலை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் ஸ்கூட்டரை என் மேல் உரசாத குறையாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஆரணியில் ஹெல்மெட் போட்டவரைப் பார்ப்பதே அபூர்வம் என்பதால் ஆள் யாரென்று ஊகிக்கவும் வழியில்லை. “இன்னா சார், குதிகாலா?” என்றார். ஆமாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், “செங்கல்லு வை சார், மூணே நாளு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூரியர்காரராக இருக்கலாம். டெலிவரி முடிந்தது.

நொண்டுகிறவனைக் கண்டால் நமக்குச் சும்மா போகத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இதைப் படிக்கும்போதே உங்கள் நாக்கு நுனிக்கு ஓர் எண்ணெயின் பெயர் வந்திருக்கும். தயவுசெய்து அதை அப்படியே விழுங்கிவிட்டு மேலே படியுங்கள்.

எனக்கு வந்திருப்பது ஒன்றும் அதிசய நோய் இல்லை. குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடி வரைக்கும் உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. நிறைய நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்கள், உடம்பு போட்டவர்கள், கெண்டைக்கால் சதை இறுகிப்போனவர்கள் ஆகியோருக்கு அந்தப் பட்டை குதிகாலில் சேரும் இடத்தில் நைந்து வலிக்கிறது. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்துவிட்டு, கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் இழுபடும்போது உயிர் போகிறது. பத்துப் பதினைந்து அடி நடந்தால் குறைந்துவிடும். இந்தக் கடைசிக் குணம்தான் குடும்பத்துக்கு ஆகாதது. நான் ‘ஐயோ’ என்று கத்தி, மனைவி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து பார்க்கும்போது, நான் ஜோராக நடந்துகொண்டிருப்பேன். சாட்சி சொல்ல ஆளில்லாத வலி இது.

எக்ஸ்ரேயில் குதிகாலுக்கு அடியில் ஒரு சின்ன முள் நீட்டிக்கொண்டிருந்தது. “எலும்பு வளந்துடுச்சி” என்று கேட்டவர்களெல்லாம் மகிழ்ந்தார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் அந்த முள் இருக்கிறது, அதை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முகங்கள் வாடிவிட்டன. டாக்டர் சொன்னதில் முக்கியமானது, எந்த மாதிரிச் செருப்பு வாங்க வேண்டும் என்பதுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன் செங்கல்லை முடித்துவிடுகிறேன்.

வைத்தியம் ஒன்றுதான். செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்க இலையைப் பரப்பி, அதன்மேல் குதிகாலை வைத்து அழுத்த வேண்டும். இதுவரை தமிழ்நாடே ஒரே குரலில் பேசுகிறது. இதற்கப்புறம்தான் சண்டை.

இலை பழுத்ததா, பச்சையா? எங்கள் தெரு இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பழுத்த இலையில்தான் சூடு இறங்கும் என்கிறது ஒரு கோஷ்டி. பால் இருந்தால்தான் அது மருந்து, பழுத்தால் வெறும் குப்பை என்கிறது இன்னொன்று. அந்தப் பால் கண்ணில் தெறித்தால் கருவிழி கெட்டுவிடும். குதிகாலுக்காகக் கண்ணைக் கொடுத்தவன் என்று ஊரில் பெயரெடுக்க எனக்கு விருப்பமில்லை. எத்தனை இலை? நாலு என்பவர்கள் இருக்கிறார்கள், ஒற்றைப்படை என்பவர்கள் இருக்கிறார்கள், “இலைய எண்ணக் கூடாது, எண்ணினா பலிக்காது” என்று ஒரு பாட்டியும் இருக்கிறார். ஏரிக்கரைப் பக்கம் தேடியதில் வெள்ளெருக்கு ஒன்று தென்பட்டது. அதையும் கூட வந்தவர் தடுத்துவிட்டார். “புள்ளையாருக்குச் சாத்தறது சார், அதும் மேல காலை வெப்பீங்களா?”

செங்கல்லுக்கு எங்கே போவது? பக்கத்தில் எழும்புகிற வீடெல்லாம் ஹாலோ பிளாக். அதையே சுட வைத்தால் என்ன என்று மேஸ்திரியைக் கேட்டேன். “அதுல ஓட்டை கீது சார், சூடு வெளிய பூடும்” என்றார், மிகுந்த பொறுமையோடு. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே செங்கல் வாஷிங் மெஷினின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. அதை எடுத்தால் மெஷின் நொண்டும். வீட்டில் ஒருத்தர் நொண்டினால் போதும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

சரி, செங்கல் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். கேஸில் சுடலாமா? கூடாது, அது வெறும் சூடு. விறகில் சுட்டால் அது மருந்துச் சூடு. எவ்வளவு சூடு? கை பொறுக்கிற சூடு என்பார் ஒருவர். கால் பொறுக்காத சூடு என்பார் மற்றவர். செங்கல்லின் எந்தப் பக்கம் மேலே? சூளைக்காரரின் இனிஷியல் பொறித்த பக்கம் மேலே இருந்தால் பள்ளத்தில் குதிகால் பாந்தமாக உட்காருமாம். உட்காரும்தான், எழுந்திருக்கும்போது அவர் இனிஷியல் என் காலில் இருக்கும். வலிக்காத காலுக்கும் வைக்க வேண்டுமா? கட்டாயம். இல்லாவிட்டால் வலி அங்கே குடிபோய்விடும். செவ்வாய், வெள்ளி ஆகாது. அந்தி சாய்ந்த பிறகு ஆகாது. உபயோகித்த செங்கல்லைக் கழுவக் கூடாது. அடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் வலி வாங்கினவருக்குப் போய்விடும். இதைக் கேட்டதும் நான் மனசுக்குள் ஒரு ஜாபிதா போட ஆரம்பித்தேன். அந்த ஹெல்மெட்டின் விலாசம் கிடைத்தால் முதல் பார்சல் அங்கேதான்.

சிரிப்பு இருக்கட்டும். எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. இந்தச் செங்கல்லைச் சர்க்கரை நோயாளிகளுக்கும் கூசாமல் சொல்கிறார்கள். சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. தோல் வெந்துகொண்டிருக்கும், அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் புண், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் விரல். “மூணே நாளு” என்றவர் அப்போது ஸ்கூட்டரில் வெகுதூரம் போயிருப்பார்.

ஒரு மணி நேரப் பஸ்ஸில் போய்விடலாம் வேலூருக்கு. இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்னதே அந்த ஊர்தான். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கையும் காலும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம். அப்படியில்லை, வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிபட்டுத்தான் சிதைகின்றன என்று அவர் காட்டினார். அந்தப் பாதங்களுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்து பார்த்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த ரப்பர்தான்.

பிராண்டுக்கே ஒரு குதிகால் கதை உண்டு, அவரே எழுதியிருக்கிறார். லண்டனில் ஒரு ராத்திரி, நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று விடியவிடியத் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார், அலறினார். நரம்பு அமுங்கி மரத்திருந்ததுதான், வேறொன்றுமில்லை. வலிக்கு அவ்வளவு நன்றி சொன்ன மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. வலி ஒரு கொடை என்று புத்தகமே எழுதினார். மகான். ஆனால் அந்தக் கொடை எனக்குத் தினமும் காலை ஐந்தரைக்கே வந்துவிடுகிறது.

காலை வைத்துப் பிழைப்பவர்கள் ஊரில் வேறு விதம். எங்கள் பக்கத்து வீட்டில் குழித்தறி. நெசவுக்காரர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறார். வெறுங்கால்தான். ஒரு கால் இறங்கும்போது பாவு பிரிந்து வாய் திறக்கிறது, நாடா பாய்கிறது, மறு கால். கல்யாணப் பட்டு ஒன்று முடிவதற்குள் அந்தப் பாதங்கள் எத்தனை ஆயிரம் முறை ஏறி இறங்குகின்றன என்பதை எந்த வாட்ச்சும் எண்ணுவதில்லை. கட்டைவிரல் மிதியின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த விரலுக்குக் கீழேதான் அவருக்குக் கால் ஆணி. தறியில் நூல் அறுக்க வைத்திருக்கும் பிளேடாலேயே அதையும் சீவுகிறார். நான் பதறினேன். ஆணியை பிளேடால் செதுக்கினால் சீழ்பிடிக்கும். வெந்நீரில் ஊற வைத்துப் நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம், சாலிசிலிக் அமிலப் பட்டை ஒட்டலாம், சர்க்கரை இருந்தால் அதையும் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக் கூடாது, அழுத்தம் படுகிற இடத்தை மாற்றாவிட்டால் எடுத்த ஆணி திரும்பவும் முளைக்கும் என்று வரிசையாக அடுக்கினேன். அவர் நாடாவை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். “மிதியை மாத்தணும்ன்றீங்க. அப்ப வேலைய யார் பார்க்கறது?” என்றார். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறி அவர் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்போதும் இதே கதைதான். ஈரம் போகத் துடைத்துப் பூஞ்சைக்கான களிம்பை, அரிப்பு நின்ற பிறகும் சில நாள் தடவச் சொன்னேன். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த டியூபைக் கேட்டு வாங்கித் தடவினார். இரண்டு நாள் சுகம், அப்புறம் பாதம் பூராவும் பரவிவிட்டது. பார்த்தீர்களா, யாரையும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் நடமாடும் ஹெல்மெட்தான்.

என் குதிகாலுக்கு டாக்டர் சொன்னதில் காசு செலவே இல்லை, அதனால்தான் அதற்கு மரியாதையும் இல்லை. படுக்கையிலிருந்து இறங்குவதற்கு முன் கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்து விட வேண்டும். சுவரில் கைவைத்துப் பின்காலை நீட்டிக் கெண்டைக்காலை இழுக்க வேண்டும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் உள்ளங்காலை வைத்து உருட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் மொசைக் தரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மாதக்கணக்கில் பொறுமையாக இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். இந்த ‘ஒரு வருஷம்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மாமியார் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். “நல்ல டாக்டரா பாருங்களேன்.” ஐஸ் பாட்டிலைப் பார்த்துவிட்டு வேறு தொனியில் பேசினார். குளிர்ச்சி காலில் ஏறினால் ஜன்னி வருமாம். அன்று மாலை அந்த பாட்டிலை பேரன் ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உருகின வரைக்கும் குடித்துவிட்டான். என் உள்ளங்கால் அதன்மேல் உருண்டதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

செருப்பு விஷயத்துக்கு வந்துவிட்டேன். கடைக்காரர் அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், “செருப்பே கூடாது சார்.” திரும்பினால், கோட்டை மைதானத்தில் என்னோடு நடக்கிறவர். இவர் தரையில் எட்டுப் போட்டு அதன்மேல் வெறுங்காலோடு சுற்றுகிறவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித்தான் மாரத்தானை ஜெயித்தார் என்று கடையிலேயே பிரசங்கத்தை ஆரம்பித்தார். அதே பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ மாட்டிக்கொண்டு, முந்தினதைவிட வேகமாக ஓடி மறுபடியும் ஜெயித்தார் என்றேன். அது வேறு தார் ரோடு என்றார்.

டோக்கியோ என்றதும் எனக்கு வேறு ஆத்திரம் வந்துவிட்டது. அந்த ஒலிம்பிக் கிளப்பிவிட்ட நடைமோகத்தில் 1965-ல் யமாசா என்ற ஜப்பான் கம்பெனி அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. அதன் பெயரிலேயே பத்தாயிரம் அடி இருந்தது. டாக்டர்கள் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்ன எண்ணில்லை அது, விற்பனைக்கு வைத்த பெயர். 2019-ல் வயதான அமெரிக்கப் பெண்களிடம் ஆராய்ந்தபோது, தினம் 7,500 அடியைச் சுற்றியே பலன் ஒரு நிலைக்கு வந்துவிட்டது. இதை மைதானத்தில் சொன்னேன். ராத்திரி பத்தரைக்கு ஹாலில் சோபாவைச் சுற்றி மிச்ச அடியை முடித்துவிட்டுப் படுக்கிற கூட்டம் அது. மறுநாள் யாரும் எனக்கு டீ சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் கால் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. அரை அளவு பெரிய ஷூ வாங்கி, நகத்தை ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டினால் போதும். கேட்டால்தானே சொல்லலாம்!

கடையில் விசாரணை இப்படிப் பிகிலாவில் நின்றிருந்த நேரம் மைத்துனன் போன் செய்தான்.

“மாமா, பௌர்ணமிக்கு கிரிவலம், வேன் பேசியாச்சு. உங்களுக்கு ஜன்னல் சீட்டு.”

“திருவண்ணாமலைக்கா? பதினாலு கிலோமீட்டர்டா. கால் வலிக்குதுப்பா.”

“தெரியும் மாமா. அதுக்குத்தான் அக்கா வேண்டிக்கிட்டிருக்கா, நீங்க வெறுங்கால்ல சுத்தறதா.”