பழைய முதலாளி எப்படி?

பழைய வேலையிடத்தைப் பற்றிக் கேட்டால் குறை சொல்லக் கூடாது; “அங்கே நிறையக் கற்றுக்கொண்டேன்” என்று சொல்ல வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் சொல்லித் தருவது இதைத்தான். பெங்களூருவில் எடுபடும். சிவகாசியில் இதைவிட ஆபத்தான பதில் கிடையாது.

காரணம் நூறு வருஷத்துக்கு முந்தையது. 1922-ல் இந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றார்கள். ஊர் திரும்பினார்கள், சொந்தமாகத் தீப்பெட்டித் தொழில் தொடங்கினார்கள். பட்டாசும் அச்சுத் தொழிலும் பின்னாலேயே வந்து சேர்ந்தன. அவர்களிடம் அன்றைக்கு யாராவது “ஏன் கல்கத்தாவை விட்டு வந்தீர்கள்?” என்று கேட்டிருந்தால், உண்மையான பதில், “கற்றாகிவிட்டது” என்பதுதான். அப்படிப் பிறந்த தொழிலில் முதலாளியாக இருப்பவர் காதில், “கற்றுக்கொண்டேன்” என்றால் பக்கத்திலேயே ஒரு போட்டி ஆலை என்றுதான் விழும்.

பயோடேட்டாவில் இடைவெளி இருந்தால் மற்ற ஊர்களில் வியர்க்கும். இங்கே 2018 தீபாவளிக்குப் பிந்தைய சில மாதங்களுக்கு மட்டும் விளக்கமே வேண்டாம். அந்த வருஷம் அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பேரியம் உப்புகளும் கூடாது என்றது. அதை எதிர்த்து ஆலைகள் பூட்டிக் கிடந்தன. கேட்கிறவரும் அப்போது வீட்டில்தான் இருந்தார்.

இனி, சகஊழியர் உறவு. பட்டாசு ஆலையில் ஃபோர்மேன் வேலை கேட்டு வந்த ஒருவரிடம் முதலாளி அண்ணாச்சி கேட்கிறார்: “கூட வேலை பாத்தவங்களோட சண்டை கிண்டை உண்டா?”

“மருந்து ரூம்ல எப்படிங்கண்ணாச்சி சண்டை போடுறது? வெளிய வந்துதான்.”

மேலாண்மைப் புத்தகம் எதிலும் இல்லாத இந்தப் பதில் முழுக்க உண்மை. ரூமுக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து இருக்கலாம் என்று வாசலில் எழுதியே போட்டிருக்கும். பொதுவாக நாலு பேர். உள்ளே போகுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். இரும்புச் சாமான் ஆகாது, தரையில் எதையும் இழுக்கக் கூடாது. வெயில் ஏறுமுன் கலவை வேலையை முடித்தாக வேண்டும். பிடிக்காத ஆளோடும் அங்கே மெதுவாகத்தான் பேச வேண்டியிருக்கும். கோபத்தைச் சாப்பாட்டு நேரம் வரை தள்ளிப்போடப் பழகியவருக்குத் தனியாக மென்திறன் பயிற்சி எதற்கு?

அண்ணாச்சிக்கும் திருப்திதான். ஆனால் அவர் இன்னும் விஷயத்துக்கு வரவில்லை. இந்தத் தொழிலில் ஆளைப் பிடித்து வைப்பது பாசமல்ல, அட்வான்ஸ். அதைத் தீர்க்காமல் பழைய இடத்தை விட்டு வர முடியாது.

“அங்க அட்வான்ஸ் பாக்கி எவ்வளவு நிக்குது?”

“ஒரு முப்பதாயிரம் இருக்கும், அண்ணாச்சி.”

“நாப்பதுன்னுல்ல அவர் சொன்னாரு?”