‘இடமில்லை’ என்று சொல்லப் பழகுங்கள்

நாய்களுக்குப் பகல் பராமரிப்பும் இரவுத் தங்கலும் தரும் விடுதிகள் பற்றி வந்த கேள்விகள் இவை. விடுதி நடத்துகிறவர்கள், நடத்த ஆசைப்படுகிறவர்கள், நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் என மூன்று தரப்பும் கேட்டிருக்கிறார்கள்.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்
கே: எனக்கு நாய் என்றால் உயிர். வேலையை விட்டுவிட்டு டாக் ஹாஸ்டல் ஆரம்பிக்கலாமா?
ப: ஆரம்பிக்கலாம். வேலையை விடுவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உங்கள் நாய் உங்களுக்கு உயிர். விடுதிக்கு வரப்போவது அடுத்தவரின் உயிர். அது உங்களைப் பார்த்து உறுமும், தட்டைத் தொடாது, ராத்திரி முழுக்க ஊளையிடும். அதன் மேலும் அதே பிரியம் வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. ஏற்கெனவே நடக்கும் விடுதி ஒன்றில் பொங்கல் விடுமுறை முழுவதும் உடனிருந்து வேலை பாருங்கள். கழிவு அள்ளுவது, தரை கழுவுவது, மருந்து கொடுப்பது, பதறிக் கூப்பிடும் வீட்டாருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது என எல்லாம் செய்யுங்கள். கடைசி நாளன்றும் கேட் திறக்கும் சத்தத்தில் முகம் மலர்ந்தால், ராஜினாமா கடிதம் எழுதலாம்.

இல்லத்தரசி, மடிப்பாக்கம்
கே: எங்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. அங்கேயே தொடங்கினால் வாடகை மிச்சம்தானே?
ப: வாடகை மிச்சமாகும், அக்கம்பக்கத்து உறவு மிஞ்சாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பெரிய நாய் ஒன்றின் குரைப்பு அருகிலிருந்து கேட்டால் 90 டெசிபலைத் தாண்டும். ஒன்று தொடங்கினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். அடுக்குமாடிகளில் நாய் வளர்ப்பதைச் சங்கங்கள் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் சொன்னது, வளர்ப்பவருக்கான பாதுகாப்பு. தொழில் நடத்துகிறவர் அதைக் காட்டித் தப்ப முடியாது. ஊரை விட்டுச் சற்று விலகிய இடம் பாருங்கள். ஆனால் கால்நடை மருத்துவரை விட்டு விலகிவிடாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருநாள் நள்ளிரவில் அங்கிருந்து, இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிப் பாருங்கள். அரை மணிக்குள் சேர முடியவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

கட்டட ஒப்பந்ததாரர், ஓசூர்
கே: விடுதி கட்டும்போது எதில் கஞ்சத்தனம் கூடாது?
ப: கதவில், தரையில், வடிகாலில். வாசலுக்கு இரட்டைக் கதவு வேண்டும். ஒன்று மூடிய பிறகே அடுத்தது திறக்க வேண்டும். விடுதியிலிருந்து ஓடிப்போகும் நாய்கள் பெரும்பாலும் சுவர் ஏறிப் போவதில்லை, யாரோ உள்ளே வரும்போது திறந்த கதவு வழியாகத்தான் போகின்றன. தரை வழுக்கக் கூடாது. பளபளக்கும் டைல்ஸ் படத்துக்கு அழகு, வயதான லேப்ரடாரின் இடுப்புக்குக் கேடு. ஒவ்வொரு நாய்க்கும் தனியாக ஓர் அறை, அதில் நிமிர்ந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். ஓர் அறையைக் கழுவிய தண்ணீர் அடுத்த அறை வழியாக ஓடாதபடி வடிகாலை அமையுங்கள். நோய் வந்தால் பிரித்துவைக்க, தள்ளி ஓர் அறை எப்போதும் காலியாக இருக்கட்டும்.

வணிகவியல் மாணவி, திருச்சி
கே: என்னென்ன பதிவுகள் தேவை?
ப: உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, இதற்கு அரசு தளத்தில் கட்டணம் கிடையாது. ஆண்டு வருவாய் 20 லட்ச ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. கால்நடை மருத்துவமனை தரும் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்பதைப் பார்த்துவிட்டு விடுதிக் கட்டணத்துக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். இவற்றோடு, ஒவ்வொரு நாய்க்கும் உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அவசரத்தில் எந்த மருத்துவரிடம் கொண்டுபோகலாம், எவ்வளவு வரை செலவழிக்கலாம், உரிமையாளர் போனை எடுக்காவிட்டால் யாரைக் கேட்பது என்ற மூன்றும் அதில் இருந்தே ஆக வேண்டும்.

வங்கி ஊழியர், மதுரை
கே: எங்கள் ஷிட்ஸூ வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. அதற்கும் தடுப்பூசிச் சான்று கேட்டு விடுதிக்காரர் அடம்பிடிக்கிறாரே?
ப: ஷிட்ஸூ வெளியே போவதில்லை, உங்கள் செருப்பு போகிறதே! பார்வோ வைரஸ் செருப்பின் அடியில் ஒட்டி வீட்டுக்குள் வரும். 1978-இல்தான் அது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்புடன் இருக்கும். அடம்பிடிக்கும் அந்த விடுதிக்காரரை விட்டுவிடாதீர்கள். உங்களிடம் சான்று கேட்கிறவர்தான், உங்கள் நாய்க்குப் பக்கத்து அறையில் படுக்கப்போகும் நாயிடமும் கேட்டிருப்பார். ரேபிஸ், பார்வோ, டிஸ்டெம்பர், மழைக்காலத்தில் எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், கூட்டமாக இருக்கும் இடத்தில் தொற்றும் கென்னல் இருமல் என்று எல்லாவற்றுக்கும் ஊசி உண்டு. போட்ட மறுநாளே பலன் வந்துவிடாது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது முடித்துவிடுங்கள்.

விடுதி உரிமையாளர், சேலம்
கே: தினமும் பினாயில் போட்டுத்தான் கழுவுகிறோம். போதாதா?
ப: வாசனைக்குப் போதும். பார்வோ அதற்கு அசையாது. முதலில் கழிவையும் அழுக்கையும் சுத்தமாக அகற்றி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வீட்டு உபயோக பிளீச் கரைசல் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் அது வேலை செய்யாது. நாய் உள்ளே இருக்கும்போது ஊற்றவும் கூடாது.

விடுதி ஊழியர், பொள்ளாச்சி
கே: உண்ணி மருந்து அடித்துக்கொண்டே இருக்கிறோம், குறையவே இல்லை. ஏன்?
ப: நாயின் மேல் அடித்திருப்பீர்கள், உண்ணி சுவரில் இருக்கிறது. நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வெடிப்புகளைச் சிமென்ட் பூசி அடையுங்கள், கட்டில் சந்துகளைப் பாருங்கள். புதிதாக வரும் நாயின் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடி மூன்றையும் வாசலிலேயே தடவிப் பாருங்கள். ஏர்லிக்கியா, பபேசியா இரண்டும் இந்த உண்ணி கொண்டுவரும் காய்ச்சல்கள். நாயின் ஈறு வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மென்பொருள் நிறுவன மேலாளர், கோவை
கே: டே கேரில் விடுகிறோம். நாள் முழுக்க விளையாட விடாமல் மதியம் அறையில் போட்டுவிடுகிறார்கள். காசு வீண்தானே?
ப: அந்த மதியத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும், குட்டிகள் இன்னும் அதிகம். ஓய்வில்லாமல் எட்டு மணி நேரம் கூட்டத்தில் ஓடவிட்ட நாய், சாயங்காலம் களைத்துப் படுப்பதைப் பார்த்து ‘நன்றாக விளையாடியிருக்கிறது’ என்று மகிழ்கிறோம். அது பல நேரம் தாங்க முடியாத அலைச்சல். சண்டைகளில் பலவும் களைத்துப்போன நேரத்தில்தான் மூளுகின்றன. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் விளையாட்டு, நடுவில் இருட்டான அமைதியான அறை என்று நடத்துகிறவர் நாயை அறிந்தவர். சாப்பிட்டவுடன் ஓடவிடாதவர் இன்னும் அறிந்தவர். ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, சில மணி நேரத்தில் உயிரே போகும்.

கல்லூரி மாணவர், வேலூர்
கே: வாலை ஆட்டிக்கொண்டே வந்த நாய் கடித்துவிட்டது. எப்படி?
ப: வாலை மட்டும் பார்த்தீர்கள். வாலாட்டுவது நாய் பரபரப்பாக இருக்கிறது என்றுதான் சொல்லும், அது நட்பா கோபமா என்பதை உடம்பு சொல்லும். இடுப்போடு நெளிந்து வந்தால் நட்பு. உடல் விறைத்து, வால் நிமிர்ந்து, நுனி மட்டும் துடித்தால் நின்றுவிடுங்கள். கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது எல்லாம் ‘விலகிப் போ’ என்று சொல்வதுதான். உறுமும் நாயை அடித்து அடக்காதீர்கள். உறுமக் கூடாது என்று பழகிய நாய், அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும்.

கடி பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டதே இந்த நோய்க்குச் சிகிச்சை தரத்தான். விடுதியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் கடி படும் முன்பே தடுப்பூசி போட்டுவைப்பது முதலாளியின் கடமை.

நாய் வளர்ப்பவர், விருதுநகர்
கே: எங்கள் ராஜபாளையத்தைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள். நாட்டு நாய் என்றால் இளக்காரமா?
ப: இளக்காரத்தால் மறுத்தால் தவறு. 2005-இல் அஞ்சல் தலையிலேயே இடம்பிடித்த இனம் அது. ஆனால் சுவர் உயரம் போதவில்லை என்று மறுத்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. ஓடும் பொருளைக் கண்ணால் கண்டால் துரத்தும், தாண்டும். குட்டி பொமரேனியன் குறுக்கே ஓடும் முற்றத்தில் அவற்றை ஒன்றாக விட முடியாது. உயரமான வேலியும், தனி ஓட்டத்திடலும், ஒரே ஆளிடம் பழகும் நேரமும் தரும் விடுதியைத் தேடுங்கள்.

விடுதி நடத்துபவர், புதுச்சேரி
கே: இரவுக் காவலுக்கு ஆள் கிடைக்கவில்லை. கேமரா வைத்தால் போதுமா?
ப: கேமரா பார்க்கும், எழுந்து ஓடாது. ஆள் வேண்டும்.

விடுதி நடத்த விரும்புபவர், நாமக்கல்
கே: அறை கட்டப் பணம் இல்லை. ஆரம்பத்தில் சங்கிலியில் கட்டி வைத்துக்கொள்ளலாமா?
ப: கட்டிப்போடுவதுதான் தீர்வு என்றால் நாயின் உரிமையாளர்கள் தங்கள் வீட்டிலேயே கட்டியிருப்பார்களே! நாயை மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைத்திருப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் குற்றமாகச் சொல்கிறது. இரண்டு அறைக்குத்தான் பணம் இருக்கிறதா? இரண்டு நாயோடு தொடங்குங்கள்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, தாம்பரம்
கே: எங்கள் பக் மே மாதம் விடுதியில் தாங்குமா? தயிர் சாதம்தான் சாப்பிடுவான்.
ப: முகம் தட்டையான பக், ஷிட்ஸூ, புல்டாக் ஆகியவற்றுக்குச் சென்னை வெயில் உயிராபத்து. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்த மூச்சுப் பாதையே இவற்றுக்குக் குறுகல். விடுதியில் ஏ.சி. உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, காலை 8 மணிக்கு மேல் வெளியே விடுவார்களா என்று கேளுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, விசிறி போட்டு, உடனே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும்.

தயிர் சாதம் தொடரட்டும். புது இடத்தில் சாப்பாட்டையும் மாற்றினால் வயிறு கெடும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் யார் கொடுத்தாலும் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். அவன் படுக்கும் பழைய விரிப்பைத் துவைக்காமல் அனுப்புங்கள், உங்கள் வாசனை அவனுக்குத் துணை.

விடுதி உரிமையாளர், அண்ணா நகர்
கே: தீபாவளிக்கு 12 அறைக்கு 30 பேர் கேட்கிறார்கள். மனசாட்சி உறுத்துகிறது, கடனும் உறுத்துகிறது. என்ன செய்வது?
ப: கடனுக்குத் தவணை உண்டு. நெரிசலில் ஒரு நாய் இன்னொன்றைக் கடித்துக் குதறினால் அதற்குத் தவணை கிடையாது. 12 அறை என்றால் 11 நாய், நோய் வந்தால் பிரித்துவைக்க ஓர் அறை காலி. மற்றவர்களுக்கு ‘இடமில்லை’ என்று இன்றே சொல்லுங்கள். அவர்கள் வேறு ஏற்பாடு செய்ய நாள் இருக்கும். பட்டாசுச் சத்தத்தில் நடுங்கும் நாயை அதுவரை பார்த்தே இராத இடத்தில் முதல்முறையாக விடுவது இரட்டிப்பு பயம். ஆகவே பண்டிகைக்கு முன்பே ஓர் இரவு தங்கிப் பழகிய நாய்களுக்கு மட்டும் இடம் என்று விதி வையுங்கள். கூட்டமும் குறையும், உங்களை நம்புகிறவர்களும் நிலைப்பார்கள்.

விடுதி நடத்துபவர், திருநெல்வேலி
கே: எங்கள் பொறுப்பில் இருக்கும்போது ஒரு நாய் இறந்துபோனால் எப்படிச் சொல்வது?
ப: உடனே, நீங்களே, குரலில். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், ஊழியரைச் சொல்லவிடாதீர்கள், வீட்டார் ஊர் திரும்பட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் வருவதற்குள் புதைக்காதீர்கள். காரணம் அறிய விரும்பினால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனைக்கு நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். திருநெல்வேலியிலும் சென்னை வேப்பேரியிலும் கல்லூரிகள் உண்டு. வீட்டாருக்கு அது குடும்பத்தில் நேர்ந்த சாவு. அவர்கள் கோபத்தைக் கேட்டு நிற்பதும் உங்கள் வேலையில் சேர்ந்தது.

முன்னாள் ராணுவ வீரர், திண்டுக்கல்
கே: அடுத்த மாதம் விடுதி திறக்கிறேன். முதலில் எதை வாங்குவது?
ப: ஒரு நீளமான நோட்டு. ஒவ்வொரு நாய்க்கும் காலையும் மாலையும் ஒரு வரி எழுதுங்கள். சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, மூத்திரம், மலம் எப்படி, வாந்தி உண்டா, நடையில் மாற்றம் உண்டா. நாய் வலியை மறைக்கும். நேற்று முழுத் தட்டு, இன்று காலை அரைத் தட்டு, மாலையில் மோந்து பார்த்ததோடு சரி என்று மூன்று வரி சேர்ந்தால் அது நோய், மருத்துவரைக் கூப்பிடலாம். அழைத்துப் போக வீட்டார் வரும்போது அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவர்களிடம் கொடுங்கள். நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும் அதில் இருக்கட்டும். அடுத்த விடுமுறைக்கு அவர்கள் விலை விசாரிக்காமல் உங்களுக்கே போன் செய்வார்கள்.