ரயில் லேட்டானால் யாரைத் திட்டுவது? ஓசூர்க்காரருக்கு ஒரு கையேடு

ஓசூரில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர், வண்டி தாமதமானால் கண்டபடி கத்தக் கூடாது. திட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஆரம்பிக்காதீர்கள். அவருக்கும் பெங்களூர் கன்ட்ரோல் சொல்ல வேண்டும். உங்களைப் போல அவரும் காத்திருக்கிறார். ஊர் தமிழ்நாட்டில் இருந்தாலும் ஸ்டேஷன் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டத்தைச் சேர்ந்தது. எனவே மனுவை அங்கே அனுப்புங்கள். நடக்காவிட்டால் தலைமையகமான ஹூப்ளிக்கு. சென்னைக்கு எழுதித் தபால்தலையை வீணாக்க வேண்டாம். அங்கிருப்பது தெற்கு ரயில்வே. இந்தத் தடத்தில் அவர்கள் ராஜ்யம் சேலம் பக்கத்தோடு சரி.

அடுத்து எம்.பி.யைப் பிடிக்கலாம். எந்த எம்.பி.யை? உங்கள் ஓட்டு கிருஷ்ணகிரித் தொகுதியில் இருக்கிறது. வண்டி படுத்துக்கொள்வதோ ஆனேக்கல் ரோடு ஸ்டேஷனில். அந்தப் பக்கத்து எம்.பி.க்கு உங்களால் ஒரு ஓட்டும் விழாது. சரி, மாநில அரசு? ரயில்வே மத்தியப் பட்டியலில் 22-வது இனம் என்று அழகாகக் கைகழுவிவிடுவார்கள். ஆனால் பையப்பனஹள்ளி - ஓசூர் இரட்டைப் பாதை வேலையைச் செய்வது கே-ரைடு. கர்நாடக அரசும் ரயில்வேயும் கூட்டாக நடத்தும் நிறுவனம் அது. 48 கிலோமீட்டருக்கு அனுமதி வந்தது 2018-19ல். வேலை துண்டு துண்டாக நகர்கிறது. அந்தக் கூட்டில் தமிழ்நாட்டுக்குப் பங்கில்லை, காத்திருப்பதில் மட்டும் உண்டு.

இப்போது முக்கியமான பயிற்சி. வண்டி லூப் லைனில் ஒதுங்கி நிற்கிறது. ஃபேன் சுற்றுகிறது, சிக்னல் சிவப்பு. "என்னண்ணா, கிராசிங்கா?" என்று எதிர் சீட்டுக்காரர் கேட்பார். "ஆமாப்பா, எக்ஸ்பிரஸ் வருது" என்று பெருமூச்சோடு சொல்லிவிட்டு போனில் சூப்பர்வைசர் நம்பரைத் தேட வேண்டும். எக்ஸ்பிரஸ் தடதடவென்று போகும். அதைத் திட்டாதீர்கள், அதில் இருப்பவர்களும் உங்களைப் போல டிக்கெட் எடுத்தவர்கள்தான். ஒற்றைத் தடத்தில் ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும். எது ஒதுங்குவது என்பதை மட்டும் தண்டவாளம் முடிவு செய்வதில்லை. நாற்காலியில் இருக்கும் ஒருவர் முடிவு செய்கிறார், அநேகமாக ஒதுங்குவது பாசஞ்சர். கையேடு எழுதுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், திட்ட வேண்டிய விலாசம் அந்த நாற்காலி. அதன் மேல் பெயர்ப்பலகை கிடையாது என்பதுதான் சிக்கல்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். அஜ்மீர் - ஜம்மு எக்ஸ்பிரஸ் 4 மணி நேரம் தாமதமாகி விமானத்தைத் தவறவிட்டவருக்கு நஷ்டஈடு தரச் சொன்னதை 2021ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டாவிட்டால் ரயில்வே பொறுப்பு. உங்களுக்குத்தான் காரணம் தினமும் கைவசம் இருக்கிறதே, கிராசிங்! தவிர, நீங்கள் தவறவிட்டது விமானம் இல்லை, வேலையிடத்துப் பஞ்ச். அரை நாள் சம்பளத்துக்கு வக்கீல் வைத்தால் மீதி அரை நாளும் போய்விடும்.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுங்கள், பாவம். பொம்மசந்திரா வரை வந்துவிட்ட மெட்ரோ ஓடுவது 750 வோல்ட்டில். ஓசூருக்கு யோசித்தது 25,000 வோல்ட். இணைக்க முடியாது என்று பெங்களூர் சொல்லியாகிவிட்டது.

கிருஷ்ணகிரி டவுன்காரர்களுக்கு இந்தக் கையேடு பொருந்தாது. திருப்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த குறுகிய பாதை எப்போதோ மூடப்பட்டது. இன்றைக்கும் மாவட்டத் தலைநகரில் ஸ்டேஷன் இல்லை, எனவே லேட் என்ற புகாரும் இல்லை. அவர்கள் பஸ்ஸைத் திட்டலாம்.